கப்பலின் பின்பக்கத்துக் கொடி

யாங்கோன் துறைமுகத்துக்கு நல்லெண்ணப் பயணமாக வந்த ஜப்பானியப் போர்க்கப்பலின் முதல் கயிற்றை வாங்கிக் கட்டியவர் துறைமுகத் தொழிலாளி கார்த்திகேசன். யுத்தகாலத்தில் அவருடைய தாத்தாவை ஒரு ஜப்பான் கப்பல் இங்கிருந்துதான் ஏற்றிக்கொண்டு போனது. போனவர் திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் வீட்டில் மகாளய அமாவாசைக்குத்தான் திதி.

மொழிபெயர்க்க வந்த ராதாமணியிடம், "எங்க தாத்தா செத்த தேதி இவங்க ஏட்டுல இருக்கான்னு கேளும்மா" என்றார்.

அவள் கேட்டதும் கப்பல் அதிகாரி குனிந்து வணங்கிப் பதில் சொன்னார்.

"இது போருக்குப் பிறகு உண்டான புதுப்படையாம் மாமா. பழைய ஏடெல்லாம் இவங்ககிட்ட இல்லையாம்."

கார்த்திகேசன் கப்பலின் பின்பக்கம் பார்த்தார். தாத்தாவை ஏற்றிப்போன கப்பலில் பறந்ததாக அப்பா சொல்லியிருந்த அதே சிவப்புச் சூரியக் கதிர்க்கொடி பறந்தது.

"படை புதுசு, கொடி மட்டும் பழசா? இதையும் கேளு."

"என் வேலை போயிடும் மாமா."

மூன்றாம் நாள் கப்பல் புறப்பட்டபோது கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார். அந்த வருஷமும் மகாளய அமாவாசைக்கே எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.