வீட்டுக்கென்று வளர்த்த கோழி

தீனி மூட்டையின் வாயிலிருக்கும் தையல் நூலின் முனையை இருதயம்மாள் பல்லால் கடித்து இழுப்பார். ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் சரசரவென்று உருவி வந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் கொட்டகைக்கு வெளியே மேயும் நாட்டுக்கோழிகள் விழுந்தடித்து ஓடிவரும். உள்ளே பிராய்லர் குஞ்சுகளுக்குத் தீனியைக் கொட்டிவிட்டு, மூட்டை அடியில் தங்கியதை வாசலில் உதறுவார். "இதுங்க வாயிலயும் ரெண்டு விழட்டும், பாவம்."

மன்னார்குடிக்கு வடக்கே, வாய்க்கால் கரையோரம் அந்தக் கொட்டகை. குஞ்சும் தீனியும் கம்பெனி கொடுக்கும், வளர்ப்பது இவர். குஞ்சுகளைப் "பிள்ளைங்க" என்றுதான் சொல்வார். ஆனால் பிராய்லரை வீட்டு அடுப்பில் ஏற்றவே மாட்டார். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ரெண்டு கிலோ. இது கோழியா, காத்தடிச்ச டியூபா?" ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் மிளகு அரைத்து நாட்டுக்கோழிக் குழம்பு. அதைப் பற்றிப் பேசும்போது குரலில் தனி மிதப்பு: "மருந்து வாடையே படாதது, தெரிஞ்சுக்கங்க."

கம்பெனி சூப்பர்வைசர் வளவனுக்கும் அந்தக் கோழி மேல்தான் கண். "அக்கா, சேவல் ஒண்ணு குடுங்களேன். எங்க வீட்டுல புள்ளைங்களுக்கு பிராய்லர் குடுக்கறதில்ல" என்பார். ஊருக்கெல்லாம் பிராய்லரை லாரியில் ஏற்றி அனுப்புகிற மனிதர் பேசுகிற பேச்சு இது!

குறுவை நடவுக்கு முன்பு, கொட்டகை எருவை வயலில் இறைக்கும்போது இருதயம்மாளின் கணவர் சகாயநாதன் காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. சின்னக் காயம்தான். மாத்திரை, ஊசி, மறுபடியும் ஊசி, சீழ் நிற்கவில்லை. தஞ்சாவூரில் சீழைச் சோதித்த டாக்டரம்மா, வழக்கமான மருந்து எதற்கும் இந்தக் கிருமி சாகவில்லை என்றார். மிச்சமிருப்பது ஒரே மருந்து. அதுவும் கேட்காவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டிவரும்.

"கோழி வளக்கிறீங்களாம்மா? தீனியில மருந்து கலக்கறாங்களா? இது அங்கேருந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தினமும் கொஞ்சம் கொஞ்சமா மருந்து போட்டா, கிருமி அதுக்குப் பழகிக்கும்."

மூட்டையில் மக்காச்சோளம், சோயா என்றுதான் அச்சடித்திருக்கிறது. மறுநாள் வளவன் வண்டியை நிறுத்துவதற்குள் இருதயம்மாள் கேட்டுவிட்டார்.

"தீனியில என்ன கலக்கறீங்க தம்பி?"

"நோய் வராம, எடை ஏற... கொஞ்சம் ஆன்டிபயாடிக்தான்க்கா. எல்லாரும் போடறதுதான்."

எல்லோரும் போடுகிறார்களாம்! மனிதர் உயிரைக் காக்க வேண்டிய மருந்தை, நோயே இல்லாத கோழிக்குத் தவிடு மாதிரி அள்ளிப் போடுகிறார்கள். வளர்க்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதைவிட அக்கிரமம் உண்டா? அந்தத் தீனியைத் தம் கையாலேயே வாசலில் உதறி, அதைத் தின்ற கோழியையே ஞாயிறுதோறும் கணவர் தட்டில் பரிமாறியிருக்கிறார்.

"மூட்டையில ஏன் எழுதல?"

"அதெல்லாம் மேல இருக்கறவங்க முடிவுக்கா." வளவன் பேச்சை மாற்றினார். "சேவல் ஒண்ணு கேட்டிருந்தேனே?"

இருதயம்மாள் குனிந்து, காலடியில் கொத்திக்கொண்டிருந்த சேவலை லபக்கென்று பிடித்து நீட்டினார்.

"இந்தாங்க. உங்க மூட்டை அடியில மிஞ்சினதத் தின்னு வளந்ததுதான். கொண்டுபோயி புள்ளைங்களுக்குக் குடுங்க."

வளவனின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. சேவல் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டது. இருதயம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை.