தலைப்புக்கு விட்ட இடம்

பீரோவின் அடித்தட்டில் ஒரு மைப்பெட்டி கிடக்கிறது. கைநாட்டு வாங்குவதற்காக மாடவீதிக் கடையில் நானே வாங்கியது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிக்கும்போது தூக்கிப்போட எடுப்பேன். எடுத்ததும் கைநாட்டு வாங்கச் சொன்ன மனிதரின் முகம் நினைவுக்கு வரும். திரும்ப அங்கேயே வைத்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மயிலாப்பூரில் ஆசிரியை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்து, கடலோர மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்துக்குப் போவேன். என்னை அங்கே அழைத்துப் போனவர், அடையாறில் சின்னதாக ஒரு சுற்றுச்சூழல் சங்கம் நடத்திய செயலாளர். அபிராமபுரத்திலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வருவார், மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து மீனவப் பெண்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வார். சங்கத்துக்கு ஒரு சிறு மானியம் கிடைத்திருந்தது. கரைக் குப்பையை அள்ளுவது, மீன் கழிவுக்கு உரக்குழி தோண்டுவது, கரை மணலைப் பிடித்து வைக்க அடும்புக்கொடி படரவிடுவது என்று வேலைகள். எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்ய வேண்டும் என்பது மானியத்தின் நிபந்தனை. "நாம சும்மா கூட நிக்கிறவங்க டீச்சர், அவங்கதான் முதலாளி" என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். அப்படி ஒரு மடச்சி நான்.

முதல் கூட்டத்திலேயே மீன் விற்கும் அக்கா ஒருத்தி எழுந்து கறாராகச் சொன்னாள். "குழி தோண்டுறோம், குப்ப வார்றோம், அல்லாம் செய்றோம். கருவாடு காயப்போடுற எடத்த மட்டும் தொடாதீங்கோ. அதுலதான் எங்க சோறு கீது."

"அதை யாரும்மா தொடப்போறாங்க?" என்று செயலாளர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வந்தவர்களின் கைநாட்டை வெள்ளைத்தாளில் வாங்கச் சொன்னார். "மேலே நாலு விரற்கடை இடம் விடுங்க. தலைப்பு அப்புறம் டைப் அடிச்சுக்கலாம்." தலைப்புக்கு இடம் விடுங்கள் என்று தினமும் பிள்ளைகளிடம் சொல்கிறவள்தானே, எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. மீன் வாசனையும் தண்ணீரில் ஊறிய சுருக்கமுமாக இருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் ஒற்றி அழுத்தினேன். கடைசியில் சாட்சியாக என் பெயரையும் எழுதினேன்.

எட்டு மாதம் அந்தப் பெண்கள் உழைத்தார்கள். கரை பளிச்சென்று ஆனது, அடும்பு பூத்தது. அப்புறம் ஒரு நாள் சங்கத்து ஆட்கள் அளவு நாடாவோடு வந்து, கருவாடு காயும் மணலில் நடைபாதைக்கு முளை அடித்தார்கள். தடுத்த பெண்களிடம் ஒரு தாளை நீட்டினார்கள். அந்த நாலு விரற்கடையில், இந்த இடத்தை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறோம் என்று டைப் அடித்திருந்தது. கீழே அத்தனை ஊதா விரல்கள். எல்லாவற்றுக்கும் கீழே நான்.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் பதறவே இல்லை. "அழகுபடுத்தப் பெரிய மானியம் வருது டீச்சர். கூட்டத்துக்கு வந்தாங்க இல்லையா? அதுவே சம்மதம்தானே?" என்றார். பாவி மனுஷன், எனக்குக் காபி வேறு கொண்டுவரச் சொன்னார்.

அன்றிரவே ஆட்சேப மனு ஒன்று எழுதினேன். தாளின் உச்சியிலிருந்தே எழுதினேன், ஒரு வரி இடம் விடவில்லை. மறுநாள் அந்த மீன்கார அக்காவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டி மைப்பெட்டியைத் திறந்தேன். அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டாள்.

"எங்களுக்குத்தான் படிக்கத் தெரியாது. வெரல புடிச்சி அமுக்கசொல்லோ உனுக்கு இன்னா டீச்சரு, கண்ணு தெரியலியா?"

மைப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன். மனு கைநாட்டு இல்லாமலே போனது, யாரும் அதைச் சீந்தவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது ஃபாதர் பரிகாரமாக மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். மூன்றுதானா என்று எரிச்சல் வந்தது. இப்போது அந்தப் பாதையில் காலையில் நிறையப் பேர் நடக்கிறார்கள். கருவாடு ரோட்டோரத் தூசியில் காய்கிறது.

நேற்று அந்த மைப்பெட்டியைத் திறந்து என் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன். மை காய்ந்திருந்தது, விரலில் ஒட்டவில்லை. அன்றும் ஒட்டவில்லை. அத்தனை பேர் விரலை மையில் அழுத்திய நான், பேனாவில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுத்தமான கையோடு வீட்டுக்கு வந்தவள்.