பனி இல்லாத மலையில் எட்டு அறிவுரைகள்

பனிமலையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாகப் பனியில் சறுக்கப் போகிறவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது.

நர்சிங் படித்து முடித்து, இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. தோட்டத்துத் துரை லீவில் சீமைக்குப் போகவிருந்தார். மனைவியின் சொந்தக்காரர்களோடு பனிமலையில் இரண்டு வாரம். அங்கிருந்து வந்த சிறு புத்தகத்தை என்னிடம் தந்து, தன்னைத் தயார் செய்யச் சொன்னார். வயது நாற்பத்தாறு, இடது முழங்காலில் பழைய அடி. வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் நான் இல்லை. புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டேன்.

ஆறு வாரத்துக்கு முன்பே தொடையையும் முழங்காலையும் பழக்க வேண்டும். பூட்ஸை வீட்டிலேயே தினமும் போட்டு நடக்க வேண்டும். சறுக்கும்போது முழங்காலை மடித்து முன்னால் சாய வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் காலில் கட்டிய பலகை நம் பேச்சைக் கேட்காது. பார்வை காலில் இருக்கக் கூடாது, போகும் திசையில் இருக்க வேண்டும். விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும். களைத்த பிறகு 'இன்னும் ஒரு தடவை' கூடாது. ஏழாவது, நிறுத்தத் தெரிந்த பிறகே வேகம். எட்டாவது, பாதையில் ஆள் இருக்கக் கூடாது.

ஏழாவதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார் துரை.

தோட்டத்துத் தச்சர் இரண்டு பலகைகளை நுனி வளைத்துச் செய்து, மெழுகு தேய்த்துக் கொடுத்தார். பழகிப் பார்க்கப் பங்களாவுக்குக் கீழே புல் சரிவு. அது முடியும் இடத்தில் வண்டிப்பாதை, அதற்கப்பால் கல் கட்டிய கான். மழைத் தண்ணீர் ஓடுகிற அந்தக் கான் இடுப்பளவு ஆழம். ஒரு மாலை துரை பலகைகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அப்போது பாதை காலியாகத்தான் இருந்தது. அவர் பாதிச் சரிவுக்கு வந்தபோது, தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் வளைவில் திரும்பினார்கள். முன்னால் அவர்களை வேலை வாங்கும் கங்காணி. அவர் என் அம்மாவின் தம்பி.

துரை பின்னால் சாய்ந்துவிட்டார். மேலே, கையில் பட்டியலோடு, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"புடி! கங்காணி, புடி!"

துரை கத்தியது எல்லோருக்கும் கேட்டது. ஆனால் தோட்டத்தில் துரை வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குடையை மடக்கி, தலைப்பாகையை எடுத்து, ஓரமாக ஒதுங்கி, அவர் கடந்து போகும்வரை தலைகுனிந்து நிற்பது. பதினைந்து பேரும் அதைச் செய்தார்கள். மாமாவின் தலைப்பாகை அவர் கக்கத்தில் இருந்தது. அவர்கள் விட்ட வழியே துரை நேராகப் போய்க் கானில் விழுந்தார். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே எலும்புகள் இரண்டும் முறிந்திருந்தன.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"தொரை பறந்து வந்தாரு, வழி விட்டோம். வேற என்னத்தச் செய்ய?"

"நீ போயி கட்டிப் புடிச்சிருக்கணும்டி."

"ஏன், எம்புருசன் கையால அடிவாங்கவா? அதுக்கு முந்தி தொரைசாணியே என்னைச் சுட்டுப்புடுவா!"

மாமா சிரிக்கவில்லை. பங்களாவில் விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"பாப்பா, புடிச்சிருந்தா தொரை மேல கை வச்சான்னு பத்துச்சீட்டு. புடிக்காததுக்கும் பத்துச்சீட்டுன்னா, நான் எங்கதான் நிக்கிறது?"

வேலைநீக்கச் சீட்டான அதைக் கிழித்தால், வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். மாமாவுக்கு நான்கு பிள்ளைகள். நான் அவரோடு நடந்தேன். துரையின் காலை நான் எப்படியும் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

துரை காலை நீட்டிச் சாய்ந்திருந்தார்.

"கங்காணி, நான் கூப்பிட்டது கேக்க இல்லையா?"

"கேட்டுச்சுங்க தொரை."

"பின்னே?"

"நீங்க வர்றீங்கன்னுதான் ஒதுங்குனோங்க."

நான் பட்டியலைப் பிரித்து எட்டாவதை வாசித்தேன். பாதையில் ஆள் இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, அவர்கள் இருக்கவில்லை என்றேன். துரை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போகலாம் என்று கை காட்டினார்.

பத்துச்சீட்டு வரவில்லை. அடுத்த மாதம் மாமாவைத் தோட்டத்தின் கோடியில் இருந்த தூர டிவிசனுக்கு மாற்றினார்கள். கூரை ஒழுகும் காம்பிரா. காரணம் சொல்லவில்லை, கேட்கவும் எனக்கு வழியில்லை.

துரை பனிமலைக்குப் போகவில்லை. ஊன்றுகோலோடு மறுபடி தேயிலை மலையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிய நாட்களில், ஒருநாள் மாமாவைப் பார்க்கப் போனேன். துரை அந்த டிவிசன் பாதையில் வந்தார். பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். மாமா மட்டும் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு பாதையோரக் கானுக்குள் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்றார்.

துரை போனபின், ஏன் மாமா என்று கேட்டேன்.

"இங்க நின்னா ஒதுங்குன மாதிரியும் ஆச்சு பாப்பா. தொரை விழுந்தா கைக்கும் எட்டுவாரு."