மழை மேடத்துக்கு ஒரு நாற்காலி

என் மனைவிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் மழை மேடம். எந்தக் கூட்டத்தில் யார் என்ன திட்டம் சொன்னாலும் முழுதாகக் கேட்டுக்கொள்வாள். எல்லாரும் தலையாட்டி முடித்த பிறகு, "சரி, மழை வந்தா?" என்பாள். விளையாட்டு விழாவுக்கும் அதே கேள்விதான், கூரைக்குள் நடக்கிற சதுரங்கப் போட்டிக்கும் அதே கேள்விதான். சதுரங்கத்துக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வந்த கணக்கு டீச்சர் கேட்டிருக்கிறார். "பஸ் லேட்டாகும். லேட்டா வந்தா பசங்க சாப்பிடாம விளையாடுவாங்க. சாப்பிடாம விளையாடினா அழுவாங்க" என்றாளாம். 

அது ஒரு சர்வதேச உயர்நிலைப் பள்ளி. அங்கே அவள் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். சேர்ந்தது வரவேற்பறையில் போன் எடுக்கத்தான். ஒரு இசை நிகழ்ச்சியன்று பொறுப்பாளருக்குக் காய்ச்சல் வர, "நீங்க கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?" என்று முதல்வர் கேட்டார். அன்று தலையில் ஏறியது இன்றுவரை இறங்கவில்லை. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். கடைக் கதவை இழுத்துப் பூட்டினால் என் வேலை உள்ளேயே இருந்துவிடும். அவள் வேலை அவளோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எனக்கு முன்னால் சாப்பிட்டுவிடும்.

மற்ற வீடுகளில் வருடம் டிசம்பரில் முடிகிறது. எங்கள் வீட்டில் ஜூனில்தான் முடியும். தேர்வுகள், நூலகத்துக்குத் திரும்ப வேண்டிய புத்தகங்கள், அலமாரிகளைக் காலி செய்வது, பழைய சீருடை விற்பனை, கேட்பாரற்றுக் கிடக்கும் ஒற்றைக் காலணிகளுக்கு ஜோடி தேடுவது எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். அதோடு பிரிவுபசாரம் வேறு. பெற்றோரில் பாதிப் பேர் வேலை மாற்றலில் வந்தவர்கள். ஜூன் வந்தால் ஒரு கூட்டம் மூட்டை கட்டும், ஆகஸ்டில் இன்னொரு கூட்டம் வந்து இறங்கும். போகிறவர்கள் கொண்டுபோக முடியாததையெல்லாம் இவளிடம் விட்டுப்போவார்கள். எங்கள் வீட்டு மேசை விளக்கு, இஸ்திரிப் பெட்டி, முன்னறை மீன்தொட்டி, அதற்குள் இருக்கும் மீன்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். மீன்களாவது எங்கேயும் போகாமல் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். ஊழியர் பிள்ளை என்று ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. நல்ல காரியம்தான், ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. மற்றப் பிள்ளைகள் மேடை ஏறினால் அவர்களுடைய அம்மாக்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இவள் மேடை ஏறினால் இவளுடைய அம்மா கையில் வாக்கி டாக்கியோடு பின்கதவில் நின்றுகொண்டு வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டாம் வகுப்பில் ஒரு நாடகத்தில் மகள் நீதிபதியாக வந்து தீர்ப்பே சொல்லி முடித்துவிட்டாள். அம்மாக்காரி அப்போது திரைக்குப் பின்னால் அறுந்துபோன கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "நல்லா பண்ணினேடா கண்ணு" என்றாள். "நீ பார்க்கவே இல்லையே" என்று மகள் சொன்னாள். "கேட்டேன்" என்று இவள் சமாளித்தாள்.

ஆகவே கடைசி வருடம் தொடங்கிய உடனேயே மகள் பேச்சை எடுத்துவிட்டாள். மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, பட்டமளிப்புக்கு எனக்கு புது டிரெஸ்ஸும் வேணாம், பார்ட்டியும் வேணாம். அன்னைக்கு நீ உட்காரணும். எல்லா அம்மாவும் உட்கார்ற மாதிரி, நாற்காலியில."

"உட்கார்றேன்."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா உட்கார்றேன். வாக்கி டாக்கியக் கையாலயே தொடமாட்டேன். போதுமா?"

மகள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பள்ளியில் பட்டம் வாங்குகிற பிள்ளைகள் எல்லாரும் தோளில் ஒரு நீலத் துண்டு போட்டிருப்பார்கள். ஸ்டோல் என்பார்கள், என் கண்ணுக்கு அது துண்டுதான். சான்றிதழை வாங்கியதும் பிள்ளை மேடையிலிருந்து இறங்கி, தன் வீட்டார் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய், அந்தத் துண்டைக் கழற்றி அவர்கள் தோளில் போட வேண்டும். அவர்கள் எழுந்து நிற்க, கூட்டம் கைதட்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடலாம் என்று பின்னாலிருந்து வாக்கி டாக்கியில் "அடுத்து" சொல்லுகிற குரல் என் மனைவியுடையது. இடைவெளி விழக்கூடாது, அது அவளுக்குக் கௌரவப் பிரச்சினை. ஆக, வருடா வருடம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் அம்மா தோளில் துண்டு போடுவதை அவள்தான் முடித்துவைத்து, அடுத்தவரை அனுப்புவாள்.

இந்த முறை பொறுப்பை பி.டி. மாஸ்டரிடம் ஒப்படைத்தாள். மனிதர் தங்கமானவர், தொண்டை வெண்கலம். வாக்கி டாக்கியே தேவையில்லை, அவர் இயல்பாகப் பேசினாலே அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். மாதக்கணக்கில் அவருக்குப் பாடம் எடுத்தாள். மைதானத்தில் நாற்காலிகள் எப்படி, ஒலிபெருக்கி எங்கே, வீட்டுக்கு நான்கு இருக்கைகள் எப்படிப் பிரிப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். மழை வந்தால் உள்விளையாட்டுக் கூடத்துக்கு மாற்ற வேண்டும், அங்கே இடம் குறைவு, வீட்டுக்கு இரண்டே இருக்கை. அதையும் சொன்னாள். மாஸ்டர் அதை மட்டும் காதில் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். பள்ளியில் யாருமே அந்தக் கேள்வியைக் காதில் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

பட்டமளிப்பன்று மத்தியானம் வானம் கிழிந்து கொட்டியது.

அப்போது என் மனைவி வீட்டில் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள். போன் அடித்தது. பேசுவது மாஸ்டர் என்று பக்கத்து அறையிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"மேடம், நாற்காலியெல்லாம் நனையுது. கூடத்துல எதை எங்க வைக்கறதுன்னு தெரியல. நீங்க வரவேணாம், போன்லயே சொல்லுங்க."

போனிலேயே சொன்னாள். மறுபடி அடித்தது, மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை அடித்தபோது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சும்மா எட்டிப் பார்த்துட்டு உட்கார்ந்துடறேன். நீங்க அவளக் கூட்டிட்டு நேரா நம்ம இடத்துக்கு வந்துடுங்க."

எட்டிப் பார்த்துவிட்டு உட்காருகிற ஜாதி இல்லை அவள். எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். இருவரும் காரில் ஏறினோம்.

கூடத்து வாசலில் சேற்றுக் கால்களும் மடக்கிய குடைகளுமாக ஒரே நெரிசல். மகள் தன் வகுப்போடு வரிசையில் நிற்கப் போனாள். நான் எங்கள் இடத்தைத் தேடிப் போனால், மூன்றாவது வரிசையில் எங்கள் இரண்டு நாற்காலியிலும் முன்பின் தெரியாத ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. மனைவியைத் தேடிக் கண்டுபிடித்தேன். பின்கதவுப் பக்கம், கையில் வாக்கி டாக்கி, உடுப்பின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறு.

"நம்ம சீட்டுல யாரோ உட்கார்ந்திருக்காங்க."

"நான்தான் கொடுத்தேன்."

விஷயம் இதுதான். ஒரு பையனுடைய அப்பாவும் அம்மாவும் பிரிந்து ஆளுக்கு ஒரு நாட்டில் இருக்கிறார்கள், இருவருக்கும் மறுமணம் ஆகிவிட்டது. நான்கு பேரும் விமானம் பிடித்து வந்துவிட்டார்கள். இருக்கை இரண்டு. யாரை உட்காரச் சொல்வது, யாரை வெளியே நிறுத்துவது என்று அந்தப் பையனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறான்.

"அவன எப்படிங்க வெளிய கூட்டிட்டு வர்றது? நம்ம ரெண்டையும் கொடுத்துட்டேன்னு சொன்னப்புறம்தான் கதவத் திறந்தான். நமக்கென்ன, பாஸ் இருக்கு, எந்தக் கதவு வழியாவும் வரலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கதவு வழியா வரலாம். எங்க உட்கார்றது? ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நாற்காலி போடத் தெரியுது, பெத்த பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டா, அது முடியல உனக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் பார்வை என்னைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பினேன். மகள் நின்றிருந்தாள். கழுத்தருகே குத்தியிருந்த ஊக்கு கழன்றுவிட்டது, குத்திவிடச் சொல்லி அம்மாவைத் தேடி வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"யாருக்கு கொடுத்த?"

எந்தப் பையன் என்று மனைவி சொன்னாள்.

"சரி" என்றாள் மகள். ஊக்கை அவளே குத்திக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தச் "சரி"யை என்னாலேயே தாங்க முடியவில்லை. மனைவிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

விழா ஆரம்பித்தது. நானும் அவளும் பின்கதவை ஒட்டி நின்றோம். எங்களுக்குப் பக்கத்தில் உடற்பயிற்சிப் பாய்களைச் சுருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள், ரப்பர் வாடை அடித்தது. மேடையோரம் நின்ற மாஸ்டருக்குக் கூட்டம் மறைத்ததால், கடைசியில் "அடுத்து" சொல்லும் வேலை பழையபடி இவளிடமே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையாக இறங்கி வந்து துண்டு போட்டது. ஒவ்வொரு வீடாக எழுந்து நின்று கண்ணைத் துடைத்தது. அந்தப் பையன் தன் வீட்டார் நான்கு பேரையும் சேர்த்து நிற்கவைத்து, துண்டை எல்லார் தோளிலும் ஒன்றாகப் படுகிற மாதிரி நீட்டிப் போட்டான், துண்டு போதவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் மட்டும் குரல் பிசகாமல் "அடுத்து, அடுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சான்றிதழை வாங்கினாள், முதல்வருக்குக் கை கொடுத்தாள், படியில் இறங்கினாள். மூன்றாவது வரிசை அருகே வந்ததும் நின்றாள். அங்கே உட்கார்ந்திருந்த அந்த ஜோடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள். மகள் யாராவது ஒரு டீச்சரின் தோளில் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். கோபத்தில் அவள் அம்மாவையே உரித்து வைத்தவள். துண்டு போடாமலே தன் இடத்துக்குப் போனாலும் போவாள்.

அவள் நடுப் பாதையில் திரும்பிப் பின்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நீளமான கூடம் அது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. என் மனைவி பொத்தானை அழுத்தியபடியே நின்றாள்.

மகள் வந்து எதிரே நின்றாள். துண்டைக் கழற்றவில்லை.

"உட்காரு."

"எங்கடா உட்கார்றது? இடமே இல்லையே."

மகள் பாய் அடுக்கைக் கையால் தட்டிக் காட்டினாள். "இதுல உட்காரு. நீ உட்கார்ந்தாத்தான் போடுவேன்."

"எல்லாரும் பார்க்கறாங்கடா."

"பார்க்கட்டும்மா."

அவள் உட்கார்ந்தாள். பாய் அழுந்தி ஒரு பக்கமாகச் சாய, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். மகள் துண்டைக் கழற்றி, அவசரமே இல்லாமல், இரண்டு முனையும் சமமாகத் தொங்குகிறதா என்று இழுத்துப் பார்த்துப் போட்டாள். என் மனைவி அழுதாள். நானும்தான்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மேடம், ரொம்ப இடைவெளி விழுது. அடுத்த பேரக் கூப்பிடலாமா?"

அவள் முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் பொத்தானை அழுத்தினாள்.

"இருங்க மாஸ்டர். நான் உட்கார்ந்திருக்கேன்."