நடுங்கிக்கொண்டே ஜெபித்த ஞானப்பூ அக்காள்

செய்தியைக் கொண்டுவந்தவர் பொதிமாட்டுக்காரர் வீரணன். வியாழக்கிழமை நண்பகலில், அப்பா வேலை பார்க்கும், ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குச் சோற்றுத் தூக்கோடு போயிருந்தேன். மலையிலிருந்து இறங்கிய மாடுகள் மூட்டைகளோடு வாசலில் நின்றன. பொதியை இறக்குவதற்கு முன்பே வீரணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் காய் ஆயும் பெண்களின் கைகள் நின்றுவிட்டன. அவர்களில் ஒவ்வொருவருக்கும் மலையில் யாராவது ஒருவர் இருக்கிறார்.

"ஒங்க வேதக்காரம்மா போயிட்டாக தாயி," என்றார் என்னைப் பார்த்து. "திங்கக்கெழம. மலைக்காச்சல்."

எங்கள் பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை முறத்தைத் தரையில் வைத்தார். "அந்தப் பயந்தாங்கொள்ளிய மலையேறச் சொன்னவன் எவன்?" என்று கோபமாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் அக்காளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அச்சம் என்பதையே அறியாத ஊழியக்காரி என்றார். பெரியவர் சொன்னதை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் மறுத்து எழுதுவதற்குச் சபையார் மன்னிக்க வேண்டும். ஞானப்பூ அக்காளைத் தெரிந்த உங்களிடம் பொய் சொல்ல முடியாது. எங்கள் போடி ஊரிலேயே அவரைப் போலப் பயந்தவர் யாருமில்லை. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம். ஒருமுறை கடைத்தெருவில் கோயில் மாடு ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. அக்காள் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எண்ணெய்க் கடைப் பலகையின்மேல் ஏறி நின்றுவிட்டார். கடைக்காரர் சிரித்தார்.

"ஏம்மா, ஒங்க சாமி ஒரு மாட்டக்கூடவா வெரட்ட மாட்டாரு?"

"வெரட்டுவாருண்ணே. அவரு வெரட்டுற வரைக்கும் நான் இங்க நிக்கிறேன்."

தெருவே சிரித்தது. அக்காளும் சிரித்தார். பலகையைவிட்டு மட்டும் இறங்கவில்லை.

வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கணவர் ஏழு ஆண்டுகளுக்கு முன் மலைத் தோட்டத்தில் காய்ச்சலில் இறந்தார். அதற்குப் பிறகு அக்காள் மலையடிவாரத்து முந்தலுக்கு அப்பால் ஓர் அடி வைத்ததில்லை. மலை மேகம் கறுத்தால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் கிட்டங்கிக் கொட்டகையில் அவர் நடத்திய ஜெபத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாரும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. முறத்தில் காய் ஆய்ந்துகொண்டே ஒவ்வொருவரும் தம் பயத்தைச் சொல்ல வேண்டும். அக்காள் முதலில் தம்முடையதைச் சொல்வார். பிறகு மற்றவர்கள். புருசன் ஆனைத் தடத்தில் நடந்து வருகிறான், மகளுக்கு இன்னும் பிள்ளையில்லை, மாமியார் சோற்றில் எதையோ கலக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் அக்காள் கண்களை மூடி, ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் பயத்தையும் ஆண்டவரிடம் சொல்வார். நம் சபையைச் சேராத பெண்களும், "எங்க பயத்தையும் சேத்துச் சொல்லிவிடு தாயி" என்பார்கள். அவர் ஒன்றையும் மறந்ததில்லை.

அந்த ஜெபம் பேச்சுத் தமிழில் இருந்தது உபதேசியாருக்குப் பிடிக்கவில்லை. "கர்த்தரிடம் இப்படிக் கொச்சையாகப் பேசலாமா?" என்று கேட்டார். "நடுங்குறப்ப எனக்கு இலக்கணம் வரலைங்கய்யா," என்றார் அக்காள். அன்று வீட்டுக்கு வந்ததும் அதை என் நோட்டில் எழுதி வைத்தேன். அப்போது எனக்கு அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

போன ஆண்டு ஊருக்குள் பிளேக்கு வந்தது. வீட்டில் எலி செத்து விழுந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகள் வந்து ஓடுகளைப் பிரிப்பார்கள், மருந்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், பாய் தலையணைகளைக் கொளுத்துவார்கள். தெருவே புஞ்சைக்காடுகளுக்குப் போய்க் குடிசை போட்டுக்கொள்ள வேண்டும். மேலத் தெருவில் ஒரு கர்ப்பிணி அப்படிப் போய், மழையில் நனைந்த குடிசையில் பிள்ளையோடு இறந்துபோனாள். என் அம்மாவுக்கு அது ஒன்பதாம் மாதம்.

ஒரு காலையில் நெல் குதிருக்குப் பின்னால் எலி கிடந்தது. வாயோரம் இரத்தம். வீட்டில் யாரும் பார்க்கவில்லை. கிழிந்த துணியால் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைக் குப்பைக்குழியில் புதைத்தேன். கையைச் சாம்பல் போட்டு மூன்று முறை கழுவினேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அக்குளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். நெறி கட்டியிருக்கிறதா? விழுங்கும்போது தொண்டை வலிக்கிறதா? அம்மா பக்கத்தில் படுக்கக் கூப்பிட்டால் புழுக்கமாக இருக்கிறது என்று தள்ளிப் படுப்பேன். ஜெபம் செய்ய முழங்காலிட்டால் வார்த்தைகள் ஒழுங்காக வந்தன. ஆனால் எலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றியே வந்தன. புத்தகத்திலிருந்து படிப்பதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கொட்டகையில் அக்காள் ஆரம்பித்தார்: "சிலமலையில ஒரு குடிசையில பிளேக்குக்காரி ஒருத்தி தனியாக் கெடக்கா. நாளைக்குப் போகணும். எனக்குப் போகவே பிடிக்கல." என் முறை வந்தபோது, "ஆனைக்குப் பயம்," என்றேன்.

பேச்சி அத்தை சிரித்தார். "அட, ஊருக்குள்ள ஏது புள்ள ஆனை?"

அக்காள் சிரிக்கவில்லை. ஜெபத்தில் என் பெயரைச் சொன்னார்: "ரூத்துக்குப் பயமா இருக்கு ஆண்டவரே." ஆனையைச் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் மறப்பவரல்ல என்பது வாசலைத் தாண்டும்போது உறைத்தது. தெருமுனை வரை ஓடி அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்காள் என்னிடமிருந்து பின்வாங்கினார். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். உலகத்தில் இனி என்னை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு அவர் அந்த இரண்டு அடியையும் திரும்பி வந்து, எலியைத் தூக்கிய என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை என் கையைவிட மோசமாக நடுங்கியது. நடுத்தெருவில் நின்றபடியே ஜெபித்தார்:

"ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் ரொம்பப் பயந்துபோயிருக்கோம். இப்ப இவ அப்பாகிட்ட போகணும். கால் வரமாட்டேங்குது. நீரும் கூட வாரும்."

அவ்வளவுதான். பயம் போகவில்லை. ஆனால் மூன்று நாளாக அதோடு நான் மட்டும் இருந்தேன். இப்போது நான் மட்டும் இல்லை. கால்கள் நடந்தன. இரண்டு பேர் நடப்பதுபோல் எனக்குத் தோன்றவில்லை, மூன்று பேர் நடப்பதுபோல் இருந்தது. இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. "வெரசாக் கெளம்புங்க," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தெருவுக்குச் சொல்லப் போனார். மறுநாள் தெருவே காலியாயிற்று. சிலமலைப் பக்கம் சோளத்தட்டையால் வேய்ந்த குடிசையில் எட்டாம் நாள் தங்கை பிறந்தாள். பிளேக்குக்காரியிடமிருந்து வந்ததால் அக்காள் உள்ளே வரவில்லை. மழையில் வெளியே நின்று, தட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து, அம்மாவின் வலி நிற்கும்வரை ஜெபித்துக்கொண்டேயிருந்தார். இடி இடிக்கும்போதெல்லாம் அவர் குரல் கீச்சென்று உயர்வது உள்ளே கேட்டது. அந்த வலியிலும் அம்மா ஒருமுறை சிரித்துவிட்டார்.

ஆனால் பேச்சி அத்தையின் கணவருக்கு வெளியேறிய மறுநாளே நெறி கட்டியது. நான்காம் நாள் இறந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எங்கள் வீட்டில் எலி விழுந்தது தெருவுக்குத் தெரியும். அதை மூன்று நாள் நான் மறைத்தது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அக்காளுக்கும் மட்டுமே தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தால் மாமா இருந்திருப்பாரா?

அக்காளிடம் கேட்டேன். ஆறுதலாக எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தெரியலடி," என்றார். "அதையும் அவருகிட்டயே கேளு. தெனமும் கேட்டாலும் சலிச்சுக்க மாட்டாரு. ஆனா பேச்சிகிட்ட நீதான் சொல்லணும். ஒனக்கு எப்ப முடியுதோ அப்பச் சொல்லு, நான் கூட வர்றேன்." ஓர் ஆண்டுக்கு மேலாக எனக்கு முடியவில்லை. பேச்சி அத்தை எங்கள் தங்கையைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இந்த ஆண்டு மழைக்குப் பின் மலையில் காய்ச்சல் பரவியது. தோட்டத்துக் கூலிகள் தங்கும் லயங்களில் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை என்று இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். அக்காள் கடைசியாக வந்த செவ்வாய்க்கிழமை சொன்ன பயம் இது: "நாளைக்கு மலைக்குப் போறேன். எங்க வீட்டுக்காரரு போன பாதை."

"பயந்தாப் போகாத தாயி," என்றார் பேச்சி அத்தை.

"ஏழு வருசம் போகாம இருந்து பாத்துட்டேன் அத்தாச்சி. அப்பவும் பயமாத்தான் இருந்துச்சு."

புறப்படும்போது என் காதில், "நான் எறங்கி வந்ததும் நாம ரெண்டு பேரும் பேச்சிகிட்டப் போவோம்," என்றார்.

அவர் இறங்கி வரவில்லை. கீழத் தெருவில் மறுபடியும் எலி விழத் தொடங்கியிருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. வீரணன் அடுத்த பொதிக்கு வந்தபோது மாடுகளுக்கு நடுவில் நின்று கேட்டேன்: "கடைசியில் அக்காள் பயந்தாரா?"

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒனக்கு நல்லதாச் சொல்லட்டா, நெசத்தச் சொல்லட்டா தாயி?"

"நெசத்தை."

"ரொம்பப் பயந்தாக. எங் கொழுந்தியாதான் பக்கத்துல இருந்தா. பயமாருக்கு, பயமாருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாகளாம். ஆனா அவகிட்டச் சொல்ற மாதிரி இல்லியாம். இன்னொரு ஆளு பக்கத்துல குத்தவச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கற மாதிரி, மெதுவா. பெறகு லயத்துல படுத்துக் கெடந்தவுக பேரெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லியிருக்காக. முடிச்சிட்டுக் கொஞ்சம் கஞ்சி குடிச்சாக. தூங்கிட்டாக. வெயில் ஏறிப் பாத்தா மூச்சு இல்ல."

அவர் பயப்படவில்லை என்று கேட்கத்தான் போனேன். பயந்தார் என்று கேட்டதில் எனக்கு வந்த நிம்மதியை என்னால் சொல்லி முடிக்க முடியாது. பயப்படாதவர்களுக்குக் கிடைக்கும் சமாதானத்தை நான் வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

அன்று செவ்வாய்க்கிழமை. கொட்டகையில் எல்லோரும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் முதலில் பேசவில்லை. நான் பேச்சி அத்தையின் எதிரில் உட்கார்ந்தேன். ஆண்டவரே, அக்காள் இல்லை, நீர் கூட வாரும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன். எலியைச் சொன்னேன். குப்பைக்குழியைச் சொன்னேன். மூன்று நாள் என்பதைச் சொன்னேன்.

அத்தையின் விரல்கள் காம்பு கிள்ளிக்கொண்டேயிருந்தன. பிறகு, முறத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க வீட்டுல ரெண்டு விழுந்துச்சு புள்ள. ஒன்னோடதுக்கு முந்தி. ஒங்க மாமா மச்சுல கெடந்ததுகளக் கூட்டிக் கொண்டுபோய் வெளிய போட்டாரு. ஒங்கம்மா புள்ளத்தாச்சி, சொன்னா காட்டுக்குப் போகணுமேன்னு நாந்தான் வாய மூடச் சொன்னேன். இந்தத் தெருவுல யாருட்டயும் சொன்னதில்ல. அந்தம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அப்படியானால் அக்காளுக்கு இரண்டும் தெரியும். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்த எங்கள் பயங்களைச் செவ்வாய்தோறும் ஆண்டவரிடம் கொண்டுபோனார். அத்தையினுடையதை என்னிடமோ, என்னுடையதை அத்தையிடமோ ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாகியிருக்கும். அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் காத்திருந்தார்.

அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அக்காளின் வேதப்புத்தகத்தை அவருடைய தம்பி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். உடைமை என்று வேறொன்றும் இல்லை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பயத்தை மறைக்காமல், முதல் ஆளாக, உரக்கச் சொல்லிவிடுவது, சொன்ன பிறகு எழுந்து போவது. நேற்றுக் காலை கீழத் தெருவில் ஒரு வீட்டின் ஓடுகளைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். அந்த வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பேச்சி அத்தையும் நானும் சாமான்களைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனோம். எங்கள் இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது.