பரீட்சைக்காகச் செத்த அம்மா

நோலீன் பிராட்டின் ஓட்டை வாயைப் பற்றி சிட்னிக்கு மேற்கே லித்கோ ஊரில் தெரியாதவர் இல்லை. காலையில் அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டுச் சொன்னவரிடமே வந்து நிற்கும். அவள் தம்பி கெவ்வின் மனைவி கர்ப்பமானபோது, மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே கறிக்கடைக்காரர் கெவ்வின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். யார் வேலை என்று கெவ் கேட்கவே இல்லை.

அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தாள். அதையும் அவள் போட்டு உடைத்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி. கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

உயர்பள்ளி கேன்டீனில் இறைச்சி அடைத்த சாஸேஜ் ரோல் விற்பதுதான் அவள் வேலை. பதினாறு வயதில் அதே பள்ளியை விட்டுவிட்டுக் கோழி ஆலைக்குப் போனவள், பிறகு அதே பள்ளிக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். மகள் டீகன் அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் ஆறாம் படி வாங்க வேண்டும் என்பது டீகனின் வெறி. அதற்கு மேல் படி கிடையாது. அது கிடைத்தால் சிட்னிப் பல்கலைக்கழகம், பத்திரிகைப் படிப்பு. கிடைக்காவிட்டால் கேன்டீனில் இன்னொரு ஏப்ரன் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பரீட்சையில் கதை எழுதச் சொல்வார்கள். அங்கே போய் உட்கார்ந்து யாரும் யோசிப்பதில்லை. வருடம் முழுக்க ஒரே கதையைச் செதுக்கி, உருப்போட்டு, வருகிற கேள்விக்கு ஏற்றபடி தலையையும் வாலையும் மாற்றி எழுதிவிட்டு வருவார்கள். எல்லாக் கதையிலும் ஒரு சாவு உண்டு. சாவு இருந்தால் திருத்துபவரின் பேனா இளகும் என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை. அந்த வருடம் அந்தப் பள்ளியில் ஏகப்பட்ட தாத்தாக்கள் செத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் கிளப்பில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டீகனுக்குத் தாத்தா இல்லை. அப்பா குயின்ஸ்லாந்துச் சுரங்கத்துக்குப் போனவர், போனவர்தான். வீட்டில் மிச்சமிருந்தது அம்மா ஒருத்தி. எனவே அம்மாவைக் கொன்றாள்.

"நான் செத்துட்டேனாடி?" தாளைக் கையில் வைத்துக்கொண்டு நோலீன் கேட்டாள்.

"கதைலதான்மா. முழுசா படிச்சுட்டுச் சொல்லு."

படித்தாள். இரண்டாம் பத்தியில் அம்மாவுக்குப் புற்றுநோய். கடைசிப் பத்தியில் வெள்ளைப் படுக்கை, ஜன்னலில் நிலா, 'உன் நெஞ்சில் என்றும் வாழ்வேன்' என்று அம்மா சொல்கிறாள்.

"நானா இப்படிப் பேசுவேன்? உசுரு போற நேரத்துலகூட 'அந்த வாசக் கதவ மூடித் தொலைடி, குளிருது'ன்னுதான் சொல்வேன். கொன்னதுதான் கொன்னே, என்னை மாதிரி சாகவிடக் கூடாதா?"

டீகன் சிரித்தாள். ஆனால் ஆங்கில ஆசிரியை மிஸ் கார்வெல்லும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். மொழி இருக்கிறது, ஆள் இல்லை. இருபதுக்குப் பதினாலு. அன்றைக்கு டீகன் சாப்பிடவில்லை.

அங்கே குளிர்காலம் ஜூனில். அந்தக் குளிரில் நோலீனுக்கு முதுகு வலி வந்தது. தட்டு தூக்கித் தூக்கி வந்த வலி என்று தேய்த்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கெவ் விடாமல் பென்ரித் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது.

"இப்பவே மருந்து ஏத்த ஆரம்பிச்சா அடுத்த குளிர்காலம் வரைக்கும் இருக்க வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டர். "ஏத்தலேன்னா கிறிஸ்மஸ்வரைக்கும்கூட உறுதி இல்லை."

"மருந்து ஏத்துனா முடி கொட்டுமா?"

"கொட்டலாம். வாந்தி, அசதி எல்லாம் இருக்கும்."

"அப்போ வீட்ல தெரிஞ்சுரும். பொண்ணுக்கு நவம்பர்ல பரீட்சை முடியுது, டாக்டர். அதுக்கப்புறம் ஏத்துங்க."

"நவம்பர்ல உங்க உடம்பு அதைத் தாங்காது."

"பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் கெவ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதான். "ஊரு ரகசியத்தையெல்லாம் கடைத்தெருவுல வச்சு உடைப்பே. இத மட்டும் ஏன்க்கா முழுங்குறே? அவகிட்ட சொல்லு."

"சொன்னா என்ன ஆகும்? புத்தகத்த மூடிட்டு என் கட்டில் பக்கத்துல உக்காந்துருவா. நான் போன பிறகு அதே கேன்டீன்ல நின்னு ரோல் விப்பா. நீ வாயத் தொறந்தே, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

கெவ் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குப் பயந்து வளர்ந்தவன்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. டீகன் மறுபடியும் அம்மாவைச் சாகடிக்க உட்கார்ந்தாள், எழுத்து வரவில்லை.

"சாகப்போறவங்க என்னம்மா நெனைப்பாங்க?"

நோலீன் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எனக்கு என்னடி தெரியும்? கடவுள், சொர்க்கம்னு ஒண்ணும் நெனைக்க மாட்டா. கடைக்குப் போவா. காப்பித்தூள் பெரிய டப்பாதான் எப்பவும் எடுப்பா. கை அதுக்குத்தான் போகும். அப்புறம் அத வச்சுட்டுச் சின்ன டப்பாவ எடுப்பா."

டீகன் நிமிர்ந்து பார்த்தாள். "அய்யோ. அம்மா, இத எங்கிருந்து புடிச்சே?"

"சும்மா தோணுச்சு. எழுதிக்கோ."

டீகன் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து தினம் கேட்க ஆரம்பித்தாள். அந்த அம்மாவுக்குச் சாப்பாடு எப்படி இருக்கும்? தகரத்தை நக்குற மாதிரி. அவளுக்கு எதில் கோபம் வரும்? டிவியில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே வரப்போகிற கோடையைப் பற்றிப் பேசினால். எதை நினைத்துப் பயப்படுவாள்? வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பின் புகைக்குழாயைச் சுத்தம் பண்ண மகளுக்கு இன்னும் சொல்லித்தரவில்லையே என்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே நோலீன் மகளைக் கூரைமேல் ஏற்றிக் குழாயைச் சுத்தம் பண்ணவும் வைத்தாள். கதைக்கு உதவும் என்று டீகனும் ஏறினாள்.

ஆகஸ்ட் மாத மாதிரித் தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது. மிஸ் கார்வெல் கேன்டீனுக்கே வந்துவிட்டார்.

"நோலீன், உங்க பொண்ணு இதையெல்லாம் எங்கேர்ந்து எடுக்கறா? ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன்."

"எல்லாம் கற்பனைதான் மிஸ். அப்பன் வழி. அவனும் புளுகுறதுல பெரிய ஆளு."

மிஸ் கார்வெல் சிரித்துக்கொண்டே போனார். நோலீன் பின்னறைக்குப் போய் மாவு மூட்டைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மகளை நினைத்துப் பெருமை. வலியும் அன்றைக்கு அதிகம்.

செப்டம்பரில் டீகன் கதையின் முடிவை மாற்றினாள். நிலாவும் வெள்ளைப் படுக்கையும் போய்விட்டன. புதிய முடிவில் அம்மா தன் நோயை மகளிடம் சொல்லிவிடுகிறாள். இருவரும் பழைய காரை எடுத்துக்கொண்டு கியாமா கடற்கரைக்குப் போகிறார்கள். ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கி, மீன் வறுவல் தின்று, ஒன்றுக்கும் உதவாத பேச்சையெல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். அம்மா சாவது ஒரே வரியில் வருகிறது.

நோலீன் படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். உண்மை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ஏன்டி, அவ சொல்லாம இருந்துருந்தா? பரீட்சை கிரீட்சைன்னு..."

"சொல்லாமயா? அது அம்மாவே இல்ல. அப்படி எழுதுனா படிக்கிறவங்களுக்கு அவமேல கோவம்தான் வரும்." டீகன் எட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "ஏன்மா முகம் இப்படிப் போகுது? கதைதானே. நீ நூறு வருஷம் இருந்து என் உசுர வாங்குவே."

அந்த இடத்திலாவது அவள் சொல்லியிருக்க வேண்டும். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே என்று விழுங்கிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், சோறு போடுகிறவளே மறைத்தால். மெலிந்துபோனதற்கு டயட் என்றாள், மகள் நம்பினாள்.

ஆங்கிலப் பரீட்சையன்று மண்டபத்திலிருந்து வெளியே வந்த டீகன் நேராகக் கேன்டீனுக்கு ஓடி வந்தாள். வரிசையில் நின்ற பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்: "கொன்னுட்டேன்மா! சூப்பரா செத்தே!"

"என் தங்கம்" என்று நோலீன் மேசைக்கு மேல் எட்டி அவள் தலையைக் கட்டிக்கொண்டாள்.

நவம்பரில் கடைசிப் பாடமும் முடிந்தது. மற்றப் பிள்ளைகள் ஏரிக்குக் குளிக்கப் போனார்கள். நோலீன் பள்ளி வாசலில் காரில் காத்திருந்து, மகள் ஏறியதும், வண்டியைக் கிளப்பாமலே சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள், பரவிய இடத்தைச் சொன்னாள். டீகன் முதலில் கேட்டது வேறு ஒன்று.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஜூன்."

டீகன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். உருப்போட்ட கதையைத்தான் வரி வரியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அந்தச் சின்ன காப்பி டப்பா... நீதானா?"

"ஆமாடி."

"தகரம்?"

நோலீன் தலையை ஆட்டினாள். டீகன் கார்க் கதவை ஓங்கிக் குத்தினாள். "நான் எழுதறேன்னு நெனைச்சேன். நீ செத்துக்கிட்டே சொல்லச் சொல்ல நான் குறிப்பு எடுத்துருக்கேன். மார்க்கு கேட்டேன்தான், இல்லேங்கல. உன்ன வித்தா கேட்டேன்?"

அன்று மாலை இருவரும் ஒரே கட்டிலில் படுத்து அழுதார்கள். மறுநாளே கியாமா போகலாம் என்று டீகன் கூடாரத்தைத் தேடி எடுத்தாள். ஆனால் அந்த வாரமே நோலீனுக்குக் கண் மஞ்சளித்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் சொன்னது போலவே அந்த உடம்பு மருந்தைத் தாங்கவில்லை.

டிசம்பரில் மார்க்கு வந்தது. ஆங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு, ஆறாம் படி. நோலீனின் பழைய வாய் திரும்பியது. ஊசி போட வந்த நர்ஸ், தரை துடைத்தவர், பக்கத்துக் கட்டில் கிழவர், ஒருவரையும் விடவில்லை. "என் பொண்ணு! சிட்னி போறா! என்னைக் கொன்னு வாங்கின மார்க்கு, தெரியுமா?" கெவ் கேக் வாங்கி வந்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

டீகன் மட்டும் கேக்கைத் தொடவில்லை. எல்லாரும் போன பிறகு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். வெளியே நல்ல வெயில்.

"கதைல நாம கடலுக்குப் போனோம்மா" என்றாள்.