அப்பா திருந்திய கதை

அப்பா திருந்திய கதையை அவரே மேடையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். அப்போது எனக்குப் பத்து வயது. சாராயக்கடையை மூடச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையில் பருத்தி மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதனால் கூட்டம் தவறாமல் அவரைப் பேச அழைத்தார்கள். அவர் திருந்தியதற்குச் சாட்சியாக அம்மாவும் நானும் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

கதை இதுதான். ஒரு நாள் குடித்துவிட்டு அம்மாவை அடிக்கக் கை ஓங்கினாராம். நான் காலில் விழுந்து அழுதேனாம். அந்த நிமிடமே குடியை விட்டாராம். இந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பிறகு கைதட்டல். அப்பாவின் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போல ஆகிவிடும்.

நடந்தது வேறு. அவர் கை ஓங்கியதோடு நிற்கவில்லை. அம்மாவின் இடது கையை முறுக்கி ஒடித்தார். நான் அழவில்லை, ரத்தம் வரும்வரை அவர் கையைக் கடித்தேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு திருச்சுழியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அப்பா ஒரு வருடம் குடித்தார். அவர் விட்ட பிறகுதான் நாங்கள் திரும்பினோம். கோணலாகக் கூடிய அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் அம்மா இந்தக் கதையைக் கேட்பாள்.

எம்.ரெட்டியபட்டிக் கூட்டத்தில், நான் காலில் விழும் இடம் வந்ததும் எழுந்துவிட்டேன்.

"பொய் சொல்லாதீகப்பா. நான் ஒங்க கால்ல விழுகல. கடிச்சேன்."

கூட்டம் நடத்தியவர், "பாப்பா, உக்காரு" என்றார். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. அப்பா இறங்கி வந்து அடிப்பார், திருந்தாத ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். அடி வாங்க அவ்வளவு ஆசையாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

அவர் இறங்கி வரவில்லை. மைக்கில், "அவ சொல்றதுதான் நெசம்" என்றார். "எம் பொண்டாட்டி கைய ஒடிச்சேன். அதுக்குப் பெறகும் குடிச்சேன். இப்ப குடிக்கல. ஆனா இன்னைக்கும் ஆசை வருது."

யாரும் கைதட்டவில்லை. அடுத்தவரை அவசரமாகப் பேச அழைத்தார்கள். அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் அப்பாவைக் கூப்பிடவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

"ஒனக்காகத்தானம்மா எந்திரிச்சேன்" என்றேன்.

"தெரியும்டி. சும்மா வா."

சபையில் மானம் போனதற்காக அழுகிறாள் என்று நினைத்து அவள்மீதும் கோபப்பட்டேன். அடிக்காமல் விட்ட அப்பா மேல் அதைவிடக் கோபம். அந்தக் கூட்டம் வரைக்கும், வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட அவர் அந்தக் கையைப் பற்றி, "நீ வழுக்கி விழுந்தப்ப" என்றுதான் அம்மாவிடம் சொல்லிவந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது.